நின்றால் போய்விடும் வலி

எனக்கு இன்னும் அப்பாவாகவே இருக்கிற அப்பாவுக்கு,

சித்தப்பாவுக்கும் அந்த வலி வந்துவிட்டது. உனக்கு வந்த அதே இடத்தில், கெண்டைக்காலில். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

'உங்களுக்கு' என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். வீட்டில் எப்போதும் நீ, வா, போ தான். இறந்த பிறகு மட்டும் எதற்கு மரியாதை கூடுகிறது?

போன மழைக்காலத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாய். நீ இல்லாத முதல் தவக்காலம் இது. அழுகை வந்தால் அழுதுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இப்போது இருப்பது அழுகை இல்லை. ஒரே குழப்பம். எழுதினால் கொஞ்சம் விலகி நின்று பார்க்கலாமோ என்று தோன்றியது.

உன் வலியை முதலில் எழுதிக்கொள்கிறேன். என் ஞாபகம் சரியா என்று பார்.

மார்க்கெட்டுக்குக் கிளம்புவாய். தெருமுனை தாண்டினால் இடது கெண்டைக்கால் இறுகும். உள்ளே யாரோ துணி பிழிகிற மாதிரி இருக்கிறது என்பாய். அப்போது பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். முதுகெலும்பில் தேய்மானம் என்றார். உன் வயதில் யாருக்கு எடுத்தாலும் அது தெரியும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இடுப்புக்கு பெல்ட் வந்தது. தைலம் வந்தது. அம்மா சாயங்காலங்களில் உட்கார்ந்து தேய்த்துவிட்டாள். மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுத்தாய். வலி அதன் பாட்டுக்கு இருந்தது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அது இருக்காது.

அன்று எங்கள் சாரம் பகுதித் தெருக்களில் சிலுவைப்பாதை போகும். முன்னால் நீ. தோளில் மரச்சிலுவை, காலில் செருப்பில்லை. இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்து நிற்கிற பதினான்கு ஸ்தலங்கள். ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பார்கள். அங்கே நின்று செபம் வாசிப்பார்கள். கூட்டம் முழங்காலிட்டு எழுந்து அடுத்த வாசலுக்கு நகரும். மார்க்கெட்டை விட எவ்வளவோ தூரம். ஆனால் கோயிலுக்குத் திரும்பி வந்து சிலுவையை இறக்கி வைக்கும்போது உன் முகத்தில் வலி இருக்காது.

"சாமி என் கால தூக்கிக்கிறாரு" என்று ஒரு தடவை சொன்னாய். அம்மா அதைச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னாள். உன் அடக்கத்துக்கு வந்தவர்களிடமும் சொன்னாள்.

இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்ந்து வேறு யாராவது படித்தால் அவர்களுக்காக: சித்தப்பா என்றால் சேவியர், உன் ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை, எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருப்பு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவர். உன் அதிசயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "அண்ணன் கால சாமி தூக்கிக்கிறாரு. என்ன எவன் தூக்குறது, வெயிட்டு ஜாஸ்தி."

நீ போன பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர ஆரம்பித்தார். கடைசியில் நிற்பார். இடம் இருந்தாலும் உட்காரமாட்டார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது கிண்டல்தான் வரும்.

அப்புறம் அவருடைய வலது கால். பட்டறையில் இரும்புச் சீவல் பெருவிரலில் கிழித்தது. சின்னக் காயம். ஆறவில்லை. ஓரம் கறுத்து, நடுவில் மஞ்சளாக, வாரக்கணக்கில் அப்படியே இருந்தது. தூங்கும்போது அந்தக் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுகிறார் என்று அம்மா சொன்னாள். தொங்கவிட்டால்தான் எரிச்சல் குறைகிறதாம். ஒரு நாள் கட்டு மாற்றப் போய் பாதத்தைத் தொட்டேன். சித்திரை நெருங்குகிற வெயிலில் அது மட்டும் சில்லென்று இருந்தது.

அந்த வாரம்தான் சாப்பிடும்போது சொன்னார்.

"பெரிய வெள்ளிக்கு நான் சிலுவ தூக்கறேன் அண்ணி."

"கால்ல புண்ண வெச்சிக்கிட்டா?" என்றாள் அம்மா.

"அண்ணனுக்கு வலி போவலையா. அதே மாதிரி போவும்."

அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் என்று தெரிந்தது. உன் தோளில் இருந்தது உன் தம்பி தோளுக்குப் போகிறது. எனக்கு அந்த மீன் துண்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஏன் என்று அப்போது தெரியாது.

கட்டு மட்டும் போட்டுக்கொண்டு வரலாம் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து எங்களை ரத்தக்குழாய் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். என்னைவிடச் சில வயது மூத்த பெண். அவர் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு பாதங்களின் மேலும் விரல்களை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எதையோ தேடுகிற மாதிரி இருந்தார். இடது காலில் கிடைத்தது போல. வலது காலில் விரலை மாற்றி மாற்றி வைத்தார்.

"எவ்வளவு தூரம் நடந்தா வலி வருது?"

"பஸ் ஸ்டாப்புலேருந்து பட்டறைக்குப் போறதுக்குள்ள."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நிப்பேன். ஒரு சிகரெட்டு பத்த வெப்பேன். சரியாப் போயிடும். அப்பால நடப்பேன்."

"சிகரெட்டாலதான் சரியாவுதுன்னு நெனைக்கிறீங்களா?"

"இவ்ளோ நாளா அப்படித்தான் டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். சித்தப்பாவும் சிரித்தார். பிறகு டாக்டர் கேட்டது: "வலி போறதுக்கு உக்காரணுமா, இல்ல நின்னாலே போதுமா?"

"நின்னாலே போதும்."

"முதுகுலேருந்து வர்ற வலின்னா பெரும்பாலும் உக்காரணும், இல்ல குனியணும். நின்ன எடத்துலயே போவுதுன்னா ரத்தம் பத்தலன்னு சந்தேகப்படணும். நடக்கறப்போ சதைக்கு ரத்தம் நெறைய வேணும். குழாய் அடைச்சிருந்தா வராது, வலிக்கும். நின்னா அவ்வளவு ரத்தம் தேவையில்ல. வலி தானா போயிடும்."

சித்தப்பாவின் செருப்பு என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

நின்றால் போய்விடும். ஒரு வாசலில் நின்றாய். போய்விட்டது. அடுத்த வாசலுக்கு நடந்தாய், வலி தொடங்குவதற்குள் நின்றாய். அப்படிப் பதினான்கு வாசல்கள். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மேசையும் மெழுகுவர்த்தியும் இல்லை.

கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கணுக்காலில் சுற்றினார்கள். பாதத்தில் ஏதோ பசையைத் தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்தார்கள். அதிலிருந்து சத்தம் வரும். இடது காலில் சுர், சுர் என்று யாரோ மூச்சு விடுவது போல வந்தது. வலது காலில் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ தூரத்தில் இரைந்தது.

"நம்ம பட்டறை கம்ப்ரஸரு லீக் ஆனா இப்படித்தான் கேக்கும் டாக்டர்."

"லீக் இல்லைங்க. அடைப்பு."

நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். உனக்கிருந்த சர்க்கரை, இடது கெண்டைக்கால், பெல்ட், தைலம், சிலுவைப்பாதை. டாக்டர் கடைசி வரை கேட்டுவிட்டு, "எப்படி இறந்தாரு?" என்றார். ஹார்ட் அட்டாக் என்றேன்.

"கால்ல இருக்கற அடைப்பு கால்ல மட்டும் இருக்காதுங்க. நெஞ்சுலயும் இருக்கான்னு பாக்கணும். இவருக்கும் பாத்துடுவோம்."

"அப்பாவுக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"சொல்ல முடியாது. தெரிஞ்சி, வைத்தியம் பாத்தும் போனவங்க இருக்காங்க."

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருப்பேனோ என்னவோ.

ஸ்கேனில் தொடைக்குள் பெரிய குழாய் அடைத்திருந்தது. தொடை இடுக்கு வழியாகக் கம்பி விட்டு, பலூனால் விரித்துவிட வேண்டும் என்றார் டாக்டர். புண் இல்லாவிட்டால் மாத்திரை கொடுத்து நடக்கவிட்டுப் பார்க்கலாம். இந்த நிலையில் காத்திருந்தால் விரல் போகும், அப்புறம் பாதமே போகலாம்.

"அடுத்த வாரம் பெரிய வெள்ளி. அது முடியட்டும்" என்றார் சித்தப்பா.

"அதுக்கு முன்னாடியே வாங்க."

"சிலுவ தூக்கணும் டாக்டர்."

"செருப்பு போட்டுக்கிட்டா?"

"செருப்பு போட்டுக்கிட்டு எவனாவது சிலுவ தூக்குவானா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டே வந்தார். நான் உன்னிடம் பேசிக்கொண்டு வந்தேன்.

அம்மாவும் அவர் பக்கம்தான். "ஒரு வாரந்தானே. ஆண்டவர் பாத்துக்குவாரு. உங்கப்பா கால பாத்துக்கலையா?"

சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப எனக்கு ஒரு வழிதான் இருந்தது. உன் அதிசயத்தை எடுத்துப் பிரித்துக் காட்ட வேண்டும். அதில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் அது எங்கள் வீட்டில் இருந்தது. உன் கண்ணாடி மாதிரி, உன் குடை மாதிரி. யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அதன் இடத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டால் அம்மாவுக்கு உன்னிடமிருந்து என்ன மிஞ்சும்? எடுக்காவிட்டால் சித்தப்பாவுக்கு அந்தக் கால் மிஞ்சுமா?

சொல்லிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில், டாக்டர் சொன்னதை அப்படியே.

சித்தப்பா கையை உதறினார். "அப்போ உங்கப்பன் பொய் சொன்னானா?"

"இல்ல சித்தப்பா. வலி போனது நெசம். நின்னதால போச்சி."

"சாமிகிட்ட நின்னதால போச்சி."

"எங்க நின்னாலும் போயிருக்கும்."

"நீ கூட நின்னு பாத்தியா பாப்பா?"

அவர் மாடிக்குப் போனார். படியில் நடுவில் ஒரு தடவை நின்றது கேட்டது. அம்மா பாத்திரங்களைக் கழுவினாள். என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை காபியை வைத்துவிட்டு, "படிச்சிட்டா எல்லாத்தையும் பேசிடணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஜெயமேரி அக்கா வந்தார். சிலுவைப்பாதையில் செபம் வாசிக்கிறவர். மைக் இல்லாவிட்டாலும் அடுத்த தெரு வரை கேட்கும் குரல். சித்தப்பா கீழே உன் நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சேவியரு, நீதான் தூக்கறியாமே. அதிசயந்தான். கோயில் தெச தெரியுமா ஒனக்கு?"

"நீ கத்தற பக்கமா வந்தா கோயிலு."

"வா வா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், உங்கண்ணன் மாதிரி என்ன இழுக்கடிக்காத."

"அவன் இன்னா இழுக்கடிச்சான்?"

"வருசா வருசம் முன்னாடியே வந்து சொல்லிடுவாரு. மேரி, அவசரப்படாத, ஸ்தலத்துல நிறுத்திப் படி, நான் தலையாட்டுனாத்தான் அடுத்ததுக்குக் கௌம்பணும். நான் படிச்சதையே திரும்பப் படிச்சிக்கிட்டு நிப்பேன். பின்னாடி நிக்கறதுங்க என்னத் திட்டும், அக்காவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் போலன்னு."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "என்கிட்ட சொல்லவே இல்லியே மேரி."

"தலையாட்டறதுக்கு முன்ன இன்னா பண்ணுவான்?" என்றார் சித்தப்பா. கிண்டல் குரல் போயிருந்தது.

"இன்னா பண்ணுவாரு. சிலுவைய தோள் மாத்திப்பாரு. எடது கால லேசா உதறுவாரு. தரையில ஊனிப் பாப்பாரு. அப்பால தலையாட்டுவாரு. பக்தியா நிக்கறாருன்னு நானும் அவசரப்படுத்தமாட்டேன்."

மேரி அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் சித்தப்பா.

"இன்னா தெரிஞ்சிருக்கு?"

"ஒண்ணுமில்ல மேரி. சிலுவைய வேற ஆளுக்குக் குடுத்துடு. எனக்கு ஆஸ்பத்திரி போவணும்."

மேரி அக்கா போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "எப்போ வரச் சொன்னாங்க அந்த டாக்டரம்மா?" சொன்னேன். தலையாட்டினார். அப்புறம், "எனக்குக் கூட சொல்லல பாரு உங்கப்பன்" என்றார். கோபம் மாதிரிதான் இருந்தது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உனக்கு என்ன தெரியும் அப்பா?

நின்றால் வலி போகும் என்பது தெரியும். அது மட்டும் இப்போது நிச்சயம். காலை உதறிப் பார்த்து, ஊன்றிப் பார்த்து, நீயே கண்டுபிடித்திருக்கிறாய். அப்படியானால் சாமி தூக்குகிறார் என்று ஏன் சொன்னாய்? மேரி அக்காவிடம் ஒரு ஏற்பாடு செய்துவிட்டு, சாமியிடம் நன்றி சொன்னாயா? இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தாயா? எக்ஸ்ரே எடுத்த டாக்டரிடம் இதைச் சொன்னாயா? அவர் கேட்டாரா? கோயில் விஷயத்தை ஆஸ்பத்திரியில் சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டாயா?

எந்தப் பதிலை வைத்துக்கொண்டாலும் இன்னொரு பதில் வந்து அதைக் கலைக்கிறது.

புதன்கிழமை சித்தப்பாவுக்குப் பலூன் வைத்தார்கள். நெஞ்சிலும் பார்த்தார்கள். அங்கே இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார்கள். தொடையில் கட்டு, காலை மடக்கக்கூடாது, மல்லாந்து கிடக்கவேண்டும். நான் உள்ளே போனதும், "பாதத்தத் தொட்டுப் பாரு பாப்பா, சூடா இருக்கா?" என்றார்.

தொட்டேன். சூடாக இருந்த மாதிரி இருந்தது. ஆனால் என் கை ஜில்லென்று இருந்தது, அறையில் ஏசி. எது யாருடைய சூடு என்று பிரிக்க முடியவில்லை. இருக்கு சித்தப்பா என்றேன். பிறகு டாக்டர் வந்து அந்தப் பேனாவை வைத்தார். சுர், சுர், சுர். சித்தப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "மெஷின் ஓடுது" என்றார்.

சிகரெட்டை அடியோடு விடவேண்டும், ஒன்றுகூடக் கூடாது. மாத்திரைகளை நிறுத்தக்கூடாது. வெறுங்காலோடு இனி எங்கேயும் நடக்கக்கூடாது, கோயில் உட்பட. இதெல்லாம் நான் எதிர்பார்த்தவை. டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை மறுபடியும் கலைத்துவிட்டது.

"புண் ஆறினதும் தெனமும் நடக்கணும். வலி வந்தா நில்லுங்க. போனதும் திரும்ப நடங்க. திரும்ப வரும், திரும்ப நில்லுங்க. அதுவும் ஒரு வைத்தியந்தான். பக்கத்துல இருக்கற சின்னக் குழாய்ங்க மெல்ல வழி பண்ணிக்கும்."

நட, நில், நட. இதைத்தானே நீ செய்தாய்? வருடத்தில் சில வெள்ளிக்கிழமைகள் மட்டும், தோளில் பாரத்தோடு, செருப்பில்லாமல், சர்க்கரைக் காலோடு. அது உன்னை ஏமாற்றியதா, காப்பாற்றிக்கொண்டிருந்ததா? அதிசயம் என்று நம்பிய அம்மா தப்பா, தப்பு என்று பிரித்துக் காட்டிய நான் தப்பா? டாக்டரிடம் கேட்டேன். அதையெல்லாம் கணக்குப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பெரிய வெள்ளியன்று சித்தப்பா உன் கட்டிலில் படுத்திருந்தார். படி ஏறக்கூடாது என்பதால் கீழேயே வைத்துக்கொண்டோம். சிலுவைப்பாதை எங்கள் தெருவழியாகப் போனது. இளைஞர்கள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். மேரி அக்காவின் குரல் வந்தது, நெருங்கியது, கடந்து போனது.

"சீக்கிரம் போயிட்டாங்க இல்ல அண்ணி?" என்றார் சித்தப்பா.

"ஆமா" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக.

சிலுவைப்பாதை முடிந்து மேரி அக்கா தண்ணீர் கேட்டு வந்தார். "இந்த வருசம் யாரும் என்னத் திட்டல" என்றார். சொம்பை வைத்துவிட்டு, "படிச்ச மாதிரியே இல்ல" என்றார்.

சித்தப்பாவின் விரல் இப்போது ஓரத்திலிருந்து சிவக்கிறது. நல்ல அறிகுறியாம். சிகரெட் பாக்கெட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டார், அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு. அம்மா அதையும் பிடுங்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அதிசயத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இருக்கிறதா போய்விட்டதா என்று நானும் கேட்கவில்லை.

உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். புண் ஆறியதும் சித்தப்பாவோடு நான் நடக்கப்போகிறேன். அவர் நிற்பார். டீக்கடை, நாய், தெரிந்தவர் முகம், எதையாவது காரணம் காட்டுவார். நான் எந்தக் காரணத்தையும் எடுத்துக்கொள்ளமாட்டேன். பக்கத்தில் நின்று, வலிக்குதா என்று கேட்பேன். அவர் கிண்டல் செய்வார். மறுபடியும் கேட்பேன். வலி எங்கே வந்தது, எப்போது போனது என்று அவர் வாயால் சொல்லும்வரை அடுத்த அடி எடுத்துவைக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி. பின்னால் வருகிறவர்கள் திட்டினாலும் சரி.

என்றும்
உன் மகள்,
இனிமேல் உன் தம்பிக்கும் மகள்.